வந்தியின் கரைப்பங்கு

அறிவின் அடிப்படையில் கூடிய ஓர் அவை தன் தலைவரை வாக்கெண்ணித் தேர்ந்தெடுப்பது எந்த அறத்தின்பாற்பட்டது என்னும் வினா, மேலோட்டமாக நிருவாகம் சார்ந்ததாகத் தோன்றினாலும், உண்மையில் மெய்யியல் சார்ந்ததே ஆகும். ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதையோ, ஒரு கண்மாயின் மிகுநீரை வெளியேற்றும் கலுங்கு எத்தனை கன அடி வெள்ளத்துக்கு ஈடுகொடுக்கும் என்பதையோ பெரும்பான்மை முடிவு செய்வதில்லை. அரங்கம் முழுவதும் கைதூக்கினாலும் நனைந்த மண்கரை தன் இயல்புப்படியே சரியும். ஆயினும் இத்தகைய உண்மைகளோடு நாள்தோறும் பழகும் பொறியாளர்களே, தங்கள் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரை அமர்த்தும்போது வாக்குச்சீட்டையே நாடுகின்றனர். இதில் முரண்பாடு உண்டா, உண்டெனில் அது எவ்வாறு தீரும் என்பதை மதுரையும் அதைச் சூழ்ந்த கண்மாய்ச் சமவெளியும் பேணிவரும் சமய மரபுகளின் துணையோடு ஆராய இடமுண்டு. ஏனெனில் அறிவோர் அவையைப் பற்றியும் ஆற்றங்கரையைக் காப்பதைப் பற்றியும் இந்த ஊர் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்திருக்கிறது.

இந்தியாவில் எல்லாப் பொறியியல் துறையினரையும் ஒருசேரக் கொண்ட சங்கங்களுள் முதன்மையானது, மதுரையிலும் கிளை மையம் கொண்டுள்ள இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் (இந்தியா) ஆகும். 1920-இல் சென்னையில் பதிவு செய்யப்பட்டு, 1921-இல் கல்கத்தாவில் வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபுவால் தொடங்கி வைக்கப்பட்டு, 1935-இல் அரச சாசனம் பெற்ற அந்த அமைப்பில் உறுப்பினர்கள் வாக்களித்து ஆட்சிக்குழுவை அமைக்க, அக்குழு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. வழக்கறிஞர்களை நெறிப்படுத்த 1961-ஆம் ஆண்டின் சட்டமும், கட்டடக் கலைஞர்களை நெறிப்படுத்த 1972-ஆம் ஆண்டின் சட்டமும் இருக்க, பொறியாளர்களுக்கு அவற்றுக்கு நிகரான மத்தியச் சட்டம் இன்றுவரை இல்லை. மாநகராட்சியும் பிற உள்ளாட்சிகளும் தம் எல்லைக்குள் பொறியாளர்களைப் பதிவு செய்கின்றனவே தவிர, தவறிழைத்தவரை நாடு முழுவதும் தொழில் செய்யவிடாமல் விலக்கும் அதிகாரம் எந்தப் பொறியாளர் சங்கத்திடமும் இல்லை. எனவே பொறியாளர் சங்கத் தலைவரிடம் தண்டிக்கும் கோல் கிடையாது. அவரிடம் இருப்பது சொல்லின் எடை மட்டுமே. அந்த எடை எங்கிருந்து வருகிறது என்பதே ஆராய வேண்டியது.

வாக்கின் எண்ணிக்கையிலிருந்து வருகிறது என்று சொல்வார் உண்டு. பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே 1785-இல் வெளியிட்ட நூலில் அதற்குக் கணக்கியல் ஆதாரம் தந்தார். ஒரு வினாவுக்குச் சரியான விடையைக் காணும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு 60 எனக் கொண்டால், 11 பேரின் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 75 ஆகவும், 101 பேரின் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 98 ஆகவும் உயர்ந்துவிடும். ஆனால் அதே கணக்கு மறுபுறமும் வெட்டும்: ஒவ்வொருவரின் வாய்ப்பும் 40 ஆக இருந்தால், 101 பேர் கூடிச் சரியான முடிவை எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டாகச் சுருங்கிவிடும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொருவரும் பிறரைச் சாராமல் தாமே எண்ணிப் பார்த்து வாக்களிக்க வேண்டும் என்பதே அது. ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே துறையில் பணியாற்றுபவர்கள், ஒரே சாதியைச் சேர்ந்தவர்கள் என்று அணி பிரிந்து, ‘நம்ம பேனல்’ என்னும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நூறு பேர் வாக்களிக்கும்போது, அங்கே விழுபவை நூறு வாக்குகள் அல்ல. அணியை அமைத்த ஓரிருவரின் வாக்கே நூறு முறை பதிவாகிறது. உலகளாவிய மின்பொறியாளர் அமைப்பாகிய ஐ-ட்ரிபிள்-இ, ஓர் உறுப்பினர் தமக்கு ஏற்புடைய வேட்பாளர் எத்தனை பேராயினும் அத்தனை பேருக்கும் வாக்களிக்கலாம் என்னும் முறையை 1980-களின் இறுதியில் ஏற்று, அந்த உரிமையை மிகச் சிலரே பயன்படுத்துகின்றனர் என்பதால் 2002-இல் கைவிட்டது. முறை எவ்வளவு நுட்பமானதாயினும், வாக்களிப்பவரின் மனநிலை மாறாவிடில் பயன் இராது என்பதற்கு அது சான்றாகும். ஆகவே எண்ணிக்கை ஒரு வழியே தவிர, மூலம் அன்று.

தகுதியே மூலம் என்பது அடுத்த விடை. மதுரைச் சங்கத்தைப் பற்றிய சமயக் கதைகள் இந்த விடையின் உச்சத்தைக் காட்டுகின்றன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், சோமசுந்தரக் கடவுள் புலவர்களுக்கு அருளிய சங்கப்பலகை, தகுதியுடையவர் வந்தால் தானாக நீண்டு இடம் கொடுக்கிறது. தகுதியற்றவருக்கு இடம் தருவதில்லை. அந்த அவையில் போட்டி இல்லை, பரப்புரை இல்லை, தோற்றவரும் இல்லை, ஏனெனில் ஒருவர் அமர்வதால் மற்றொருவரின் இருக்கை பறிபோவதில்லை. அறிவோர் அவையைப் பற்றி மனிதர் கண்ட கனவுகளுள் இதைவிடத் தூயது அரிது. ஆனால் அந்தப் பலகை தெய்வம் தந்தது என்று கதை சொல்வதிலேயே, மனிதர் அத்தகைய பலகையைச் செய்ய இயலாது என்னும் ஒப்புதலும் அடங்கியிருக்கிறது. பட்டச் சான்றிதழும் பணிமூப்பும் ‘ஃபெலோ’ என்னும் தகுதிநிலையும் மனிதர் செய்துகொண்ட பலகைகள். அவை ஒருவரின் அறிவை ஓரளவு அளக்குமேயன்றி, அவரது நேர்மையை அளப்பதில்லை.

இறையனார் களவியல் உரையில் வரும் செய்தி இதைவிட நுட்பமானது. சங்கப் புலவர் ஒவ்வொருவரும் அந்தக் களவியல் நூலுக்கு உரை கண்டு தத்தம் உரையே மெய்யென்று நின்றபோது, அவர்களுள் யாரும் மற்றவர்க்கு நடுவராக இயலாமல் போக, உப்பூரிகுடி கிழாரின் மகனாகிய உருத்திரசன்மன் என்னும் வாய் பேசாத சிறுவன் நடுவனாக அமர்த்தப்படுகிறான். மதுரை மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் அவன் மெய்சிலிர்த்துக் கண்ணீர் வார, நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்கிறான். புலமையில் மிக்கவரை அடையாளம் காணப் புலமையில் மிக்கவரே போதாது, எந்தப் பக்கமும் சாராத ஒருவன் வேண்டும் என்பதே இந்தச் செய்தியின் உட்பொருள். பேச்சறியாத பிள்ளைக்குப் பரப்புரையும் எட்டாது, கைம்மாறும் எட்டாது. அந்த நக்கீரரே, எதிரில் நிற்பவர் நெற்றிக்கண்ணைத் திறந்த பின்னும் பாட்டின் குற்றத்தைக் குற்றமென்றே சொன்னவர் எனப் புராணம் கூறுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொறியாளர் ஒருவர் அமைச்சர் முன்னோ, தம்மைத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் முன்னோ நின்று, ‘இந்தக் கரை தாங்காது’ என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அவருக்குத் தேவைப்படும் நெஞ்சுரம் இதுவே. வாக்குகளால் வந்தவருக்கு அந்த உரம் குறைவது இயல்பு என்பதுதான் தேர்தல் முறையின் மீது வைக்கத்தக்க வலிமையான குற்றச்சாட்டு.

தமிழகத்தின் பழைய ஊரவைகள் இந்தக் குற்றச்சாட்டை நன்கு உணர்ந்திருந்தன. குடத்தில் ஓலையிட்டு எடுக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே அறியப்பட்டிருந்தது என்பதற்கு அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் வரும் உவமை சான்று. அதைப் பாடியவர் பெயரும் மருதன் இளநாகனார் என்றே இருப்பது, மேற்கண்ட கதையை நினைவூட்டும் இனிய பொருத்தம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அம்முறையைப் படிப்படியாக விவரிக்கின்றன. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம், அதாவது ஊரின் பெருநீர்நிலையைக் காத்துப் பழுது பார்க்கும் ஆறு பேர் கொண்ட குழு. இன்றைய சொல்லில் சொன்னால், அது ஒரு பொறியியல் பொறுப்புக்கான தேர்வு.

ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டு, கட்டாகக் கட்டிக் குடத்தில் இடப்பட்டன. அவை முழுவதும் கூடியிருக்க, நம்பிமாருள், அதாவது கோயில் பூசகர்களுள், மூத்தவர் அந்தக் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிக்க, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்க, அது வேறொரு குடத்தில் அவிழ்த்துக் குலுக்கப்பட்டு, அதிலிருந்து ஓர் ஓலை எடுக்கப்பட்டது. அதை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது அவைக் கணக்கைப் பேணும் நடுவன், ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையிலேயே ஏற்க வேண்டும் என்று கல்வெட்டு கூறுகிறது. விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருக்க வழியில்லை. பின்னர் அவன் உரக்கப் படிக்க, அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அந்த ஓலையை வாங்கி மீண்டும் படித்தனர். பதவிக்காலம் 360 நாள்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்டவராக இருத்தல், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக இருத்தல், மறைநூல் அறிவு, முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்திராமை ஆகியவை தகுதிகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு இருந்து அனுபவம் பெற்றவர்களும் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களுமே ஆண்டு வாரியத்துக்கு உரியவர்கள் என்பதால், திருவுளச்சீட்டோடு அனுபவத்துக்கும் இடம் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் விதிகள் திருத்தி எழுதப்பட்டிருப்பதிலிருந்து, முதல் ஏற்பாட்டில் ஊரார் குறைகண்டு அதைச் செப்பனிட்டனர் என்றும் உணரலாம்.

பாண்டிய நாட்டிலும் இதற்கு முந்தைய சான்று உண்டு. திருநெல்வேலிப் பகுதியில் உள்ள மானூரில், ஏறத்தாழ 800-ஐ ஒட்டிய மாறஞ்சடையன் காலக் கல்வெட்டு, அறநூல் கற்று நல்லொழுக்கம் உடையவரே அவையில் பேசலாம் என்று விதிப்பதோடு, எந்தத் தீர்மானம் வந்தாலும் மறுத்துத் தடுப்பவர்க்கும் அவருக்குத் துணை நிற்பவர்க்கும் ஐந்து காசு தண்டம் என்றும் விதிக்கிறது. இன்றைய சங்கப் பொதுக்குழுக்களைக் கண்டவர்களுக்கு அந்த விதியின் தேவை எளிதில் விளங்கும்.

இவ்வேற்பாடுகளைப் போற்றுவோர் பலரும் அவற்றின் எல்லையைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. உத்திரமேரூர் அவை பிராமண நிலவுடைமையாளர்களுக்கு மட்டும் உரியது. ஏரிக்கரையில் மண் சுமந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை, பெண்களின் பெயரும் இல்லை. திருவுளச்சீட்டுக்கும் தன் குறை உண்டு. பழைய ஏதென்சில் நாள்முறை நிருவாகப் பதவிகளெல்லாம் சீட்டுக் குலுக்கி நிரப்பப்பட்டபோதும், படைச் செலவுப் பொருளாளர் உள்ளிட்ட சில பொறுப்புகள் மட்டும் கைதூக்கும் வாக்கெடுப்பால் நிரப்பப்பட்டன. நகரின் நீரூற்றுகளைக் காக்கும் அதிகாரியின் பொறுப்பும் அவற்றுள் ஒன்று என்று அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் கூறுகிறது. நீரைக் காப்பவனைத் தற்செயலிடம் விடலாகாது என்று ஏதென்ஸ் எண்ணியது. பேராசையிடம் விடலாகாது என்று உத்திரமேரூர் எண்ணியது. இரண்டு அச்சங்களும் நியாயமானவையே. எனினும் அறிவுடையோர் நிறைந்த ஒரு சங்கத்துக்கு, அறியாமையைவிடப் பேராசையே பெரும் ஊறு விளைப்பதால், உத்திரமேரூரின் அச்சமே இன்று கூடுதலாகப் பொருந்தும்.

மதுரைச் சமவெளியின் கண்மாய்களில் இதே அச்சத்துக்கு மற்றொரு தீர்வு இருந்துவந்தது. மடையைத் திறந்தும் அடைத்தும் வயல்வாரியாகத் தண்ணீரைப் பங்கிடும் நீர்க்கட்டி, பெரும்பாலும் அந்தக் கண்மாயின் ஆயக்கட்டில், அதாவது அதன் நீரால் விளையும் நிலப்பரப்பில், தனக்கென்று நிலம் இல்லாதவராகவே இருந்தார். தண்ணீரில் தனக்குப் பங்கில்லாதவரே எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவார் என்னும் நம்பிக்கை அதற்கு அடிப்படை. அவர் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவராக இருந்ததையும், அவரது நிலமின்மை அவரே விரும்பி ஏற்ற துறவன்று, சமூகம் அவர்மேல் சுமத்திய வறுமை என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் அதில் உள்ள அறக்கருத்து, அதைச் சூழ்ந்த அநீதியோடு சேர்ந்து அழிய வேண்டியதில்லை. பற்றில்லாத இடத்திலிருந்தே நடுவுநிலை பிறக்கிறது என்று கீதையும் சமண நூல்களும் பேசுவதைச் சமவெளியின் உழவர்கள் மடைவாயிலில் நடைமுறையாக்கியிருந்தனர். ஒப்பந்தப் பணிகளாலோ கட்டுமானப் பொருள் விற்பனையாலோ வருவாய் பெறுபவர், அந்தப் பொருள்களின் தரத்தைப் பற்றிக் கருத்துரைக்கும் சங்கத்துக்குத் தலைமை தாங்கலாமா என்னும் வினாவுக்கு நீர்க்கட்டியின் நிலை தெளிவான விடையாகும்.

இதுவரை கண்டவை, தலைமையேற்பவர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. வாக்களிப்பவரின் நிலையைப் பற்றி அவை அதிகம் பேசவில்லை. அதைப் பேசுவது, மதுரை மக்கள் மிக நெருக்கமாக அறிந்த திருவிளையாடலாகிய பிட்டுக்கு மண் சுமந்த கதை. திருவாதவூரில் பிறந்து பாண்டியனிடம் அமைச்சராக இருந்த மாணிக்கவாசகரை, குதிரை வாங்கத் தந்த பொருளைக் கோயிலுக்குச் செலவிட்டார் என்று அரசன் வைகை மணலில் நிறுத்தி வருத்த, ஆறு பெருகிக் கரையை உடைக்கிறது. உடைந்த கரையை அடைக்க, வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து பங்கு விதிக்கப்படுகிறது. பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கும், உறவென்று யாருமில்லாத முதியவளாகிய வந்திக்கும் மற்றவர்களைப் போலவே ஒரு பங்கு வருகிறது. மண்சுமக்க வலுவில்லாத அவளுக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு சோமசுந்தரக் கடவுளே கூலியாளாக வருகிறார். வந்தவர் பிட்டைத் தின்கிறார், ஆடுகிறார், உறங்குகிறார். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. வெகுண்ட பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் ஊரார் அனைவர் முதுகிலும் எல்லா உயிர்கள் மேலும் விழுகிறது. அதன்பின் கூலியாள் கொட்டிய ஒரு கூடை மண்ணில் கரை அடைபடுகிறது. ஆவணி மூலத் திருவிழாவின்போது மதுரையில் வைகைக் கரையை ஒட்டிய புட்டுத்தோப்பில் இந்தத் திருவிளையாடல் ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது.

சைவ நூல்கள் இதை இறைவனின் எளிமைக்கும் எங்கும் நிறைந்த தன்மைக்கும் சான்றாகக் கொள்கின்றன. அந்த விளக்கத்தில் குறையேதும் இல்லை. ஆனால் கரையைப் பற்றிய கதையாகவும் அது படிக்கத்தக்கது. நீரைத் தடுக்கும் கரைக்குச் சராசரி வலிமை என்று ஒன்றில்லை. தொண்ணூற்றொன்பது பங்கு உறுதியாக இருந்தும் ஒரு பங்கு நெகிழ்ந்தால் வெள்ளம் அதன் வழியே ஊருக்குள் புகும். ஆகையால் ஊரிலேயே வலுவற்ற ஒருத்தியின் பங்கு ஊர் முழுவதற்கும் உயிர்ப் பங்காகிறது. அவள் தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்புகிறாள். அந்த ஆள் செய்யும் பணியும், விடும் பிழையும் அவள் கணக்கில் சேர்வதோடு நில்லாமல் எல்லோர் முதுகிலும் அடியாக விழுகின்றன. ஒருவர் தமக்காக மற்றொருவரை அனுப்பும் எந்தச் செயலும் இருவருக்கிடையே முடிந்துபோகும் ஒப்பந்தமன்று என்பதையே அந்த அடி உணர்த்துகிறது. பொறியாளர் சங்கத் தேர்தலில் வாக்களிப்பதும் இவ்வாறு ஆளனுப்புவதே. அனுப்பப்பட்டவர் உறங்கினால் அடி விழுவது வாக்களித்த உறுப்பினர்கள்மேல் மட்டுமன்று. அந்த அடியில் பெரும்பகுதி, சங்கம் என்று ஒன்று இருப்பதையே அறியாத, பாலத்தின் மீது நடக்கும், அடுக்குமாடியில் உறங்கும், கண்மாய்க் கரைக்குக் கீழே பயிர் செய்யும் மனிதர்கள்மேல் விழுகிறது.

இங்கேதான் பொறியாளர் சங்கத் தேர்தல் நாட்டின் பொதுத் தேர்தலிலிருந்து வேறுபடுகிறது. சட்டமன்றத் தேர்தலில், ஆளப்படுபவர்களே வாக்களிக்கின்றனர். தவறாகத் தேர்ந்தால் அதன் துன்பம் அவர்களுக்கே திரும்பி வருவதால், வாக்கை அவர்களது உரிமை என்று சொல்வதில் பிழையில்லை. பொறியாளர் சங்கத்திலோ வாக்குடையவர் ஒருவர், பயனையும் கேட்டையும் அடைபவர் வேறொருவர். எனவே அந்த வாக்கு வாக்காளரின் உடைமையன்று. வாக்கில்லாதவர்களின் பொருட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலம்.

அடைக்கலத்தின் கனம் எத்தகையது என்பதை மதுரைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல முதியவளாகிய மாதரியிடம் அடைக்கலமாகத் தந்து, அடைக்கலம் காப்பதன் சிறப்பை எடுத்துரைத்த பிறகே அனுப்புகிறார். கண்ணகியின் கணவனாகிய கோவலன் கொலையுண்டதில் மாதரியின் குற்றம் ஏதுமில்லை. கொன்றவர்கள் அரசனின் ஏவலர்கள், ஏவியது அரசனின் ஆராயாத சொல். அப்படியிருந்தும், தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தான் இழந்ததாகக் கருதி மாதரி தீயில் பாய்ந்தாள் என்று காப்பியம் பின்னர் தெரிவிக்கிறது. அந்த முடிவு பின்பற்றத்தக்கது என்று இங்கே கூறப்படவில்லை. உரிமையை இழந்தவர் நீதி கேட்கிறார், அடைக்கலத்தை இழந்தவரோ தம்மையே கேள்விக்கு உட்படுத்துகிறார் என்னும் வேறுபாடே இங்குக் கருதத்தக்கது. தம் அணி வென்றதா தோற்றதா என்று எண்ணுகிறவர் வாக்கை உரிமையாகப் பயன்படுத்தியவர். தம் வாக்கால் வந்தவர் கரைக்குக் கீழே இருப்பவர்களைக் காத்தாரா என்று எண்ணுகிறவர் அதை அடைக்கலமாகப் பேணியவர்.

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. பிறர் நலத்துக்குத் தாமே காவலர் என்று கருதிக்கொள்ளும் அறிவோர் கூட்டம், அந்தப் பிறரைக் கேளாமலே அவர் நலத்தை முடிவு செய்யத் தொடங்கிவிடும் என்பதே அந்த வாதம். அதில் உண்மை இருக்கிறது. மதுரையைச் சுற்றிப் பல கண்மாய்கள் குடியிருப்புகளாகவும் அலுவலகங்களாகவும் சாலைகளாகவும் மாறின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏதேனும் ஒரு பொதுநலக் காரணம் கூறப்பட்டிருக்கும், எங்கோ ஒரு வரைபடத்தில் ஒரு பொறியாளரின் கையொப்பமும் இருந்திருக்கும். முல்லைப் பெரியாறு அணையின் வழக்கிலும் இந்தச் சிக்கல் வேறு வடிவில் தென்பட்டது. 1895-இல் திறக்கப்பட்டு மேற்கு நோக்கி ஓடிய நீரை மதுரைச் சமவெளிக்குத் திருப்பிய அந்த அணை, 1979-க்குப் பின் கான்கிரீட் மூடியாலும் எஃகுக் கம்பிவடங்களாலும் வலுப்படுத்தப்பட்டது. நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இலும், மீண்டும் 2014-இலும் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தமிழ்நாட்டின் பக்கம் நின்றது மகிழத்தக்கதே. எனினும் ஒரே கட்டுமானத்தைப் பற்றித் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் பொறியாளர்களும் பெரும்பாலும் தத்தம் மாநிலத்தின் நிலைப்பாட்டையே பேசினர் என்பது, அந்தத் தொழிலின் மனச்சான்று எவ்வளவு எளிதில் எல்லைக்கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது என்று எண்ண வைக்கிறது. அணைக்குக் கீழே கேரளத்தில் வாழ்பவரின் அச்சமும், மேலூர்க் கால்வாயின் கடைமடையில் நாற்றுக்குத் தண்ணீர் வேண்டி நிற்பவரின் தேவையும் ஒரே அணையிடம் ஒப்படைக்கப்பட்டவை. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் சொல்லைப் பேசுபவரே அந்தத் தொழிலுக்குத் தலைவராகத் தக்கவர்.

பதவியை ஒருவர் தாமே நாடலாமா என்பது மற்றொரு பழைய வினா. பற்றற்ற கருமத்தைப் போற்றும் மரபில், வேட்புமனு அளிப்பதே ஆசையின் அடையாளம் என்று கருதிச் சான்றோர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அவர்கள் ஒதுங்கிய இடத்தை ஒதுங்காதவர்கள் நிரப்புகின்றனர். திருக்குறள் இதில் பெரிதும் துணை செய்கிறது. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் 51-ஆம், 52-ஆம் அதிகாரங்கள், பதவியை நாடுபவரின் உள்ளத்தைத் தூய்மை செய்வதைவிட, அமர்த்துபவரின் ஆராய்ச்சியைக் கூர்மை செய்வதிலேயே கருத்தூன்றுகின்றன. குற்றமே இல்லாதவரைத் தேடிக் காத்திருக்க வேண்டும் என்று வள்ளுவர் சொல்லவில்லை. கற்றுத் தெளிந்தவரிடத்தும் அறியாமை ஓரளவு இருக்கும் என்பதை ஏற்று, நிறையையும் குறையையும் நிறுத்துப் பார்த்து, மிக்கதை அறிந்து தெளியச் சொல்கிறார். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத் துன்பம் தருவன என்பது அவர் கருத்து. ஆகவே பொறுப்பின் பெரும்பகுதி வேட்பாளரின் ஆசையின்மையைச் சார்ந்ததன்று, வாக்காளரின் உழைப்பைச் சார்ந்தது.

அந்த உழைப்புக்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் விவசாயிகள் மேலாண்மைச் சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பொறியாளர் சங்கத்தின் மதுரைக் கிளையில் வாக்கெடுப்புக்கு முன் ஒரு மாலை நேரம், பெரியாறு, வைகைப் பாசனச் சங்கங்களின் உழவர்களையும் நகரக் குடியிருப்போரையும் அழைத்து, வேட்பாளர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கச் செய்யலாம். அவர்களுக்கு வாக்கு இராது. வினவும் உரிமை இருக்கும். வாக்கை அடைக்கலமாகத் தந்தவர்களின் முகத்தை அடைக்கலம் ஏற்றவர்கள் ஒருமுறையேனும் நேரில் காண்பதற்கு அது போதும். முந்தைய பொறுப்பில் கணக்கு ஒப்படைக்காதவரும் அவருடைய உறவினரும் போட்டியிடலாகாது என்னும் உத்திரமேரூர் விதியை ஒரு சொல்லும் மாற்றாமல் துணைவிதிகளில் சேர்க்கலாம். மூன்றாண்டு இடைவெளி விதியையும் அவ்வாறே சேர்க்கலாம். கண்மாய்ப் பரப்பில் கட்டடம் எழுப்ப வரைபடம் வந்தால் சங்கம் என்ன சொல்லும், உறுப்பினரே அதில் கையொப்பமிட்டிருந்தால் என்ன செய்யும், ஆளுங்கட்சி விரும்பாத அறிக்கையை வெளியிடத் துணியுமா என்பன போன்ற கேள்விகளுக்கு வேட்பாளர்கள் தரும் விடைகள் எழுத்தில் பதிவு செய்யப்பட்டு, அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் வரவுசெலவுக் கணக்கு படிக்கப்படுவதற்கு முன்பாக, வென்றவராலேயே உரக்கப் படிக்கப்பட வேண்டும்.